இருள்வேந்தனின் படங்கு

நாலாம் நம்பர் மலைக்கு மேலே
மூட்டத்துக்குக் காசு கேட்பாரில்லை.
அதனால்தான் மாயலோகத்தை
அங்கே வைத்தான் புவிராஜ்.
அவனிடம் இருந்தவை: ஒரு த்ரீவீல்,
மூலை வெடித்த போன்,
கொப்பி நிறையக் கதை.
ஒளி ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம்,
நடுவில் பறந்து பறந்து அடி.

ஒளிவீரன், அமலதாஸ்.
புறக்கோட்டைத் துணிக்கடையிலிருந்து
தீபாவளி லீவுக்கு வந்தவன்.
வெள்ளைச் சப்பாத்து வைத்திருந்தான்,
தெரிவுக்கு அது போதும்.
இருள்வேந்தன் நான்.
ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன்,
குரல் கரகரப்பு, பல்லெல்லாம் காவி.
"ஒனக்கு மேக்கப்பே தேவையில்ல" என்றான்.
நான் கோபிக்கவில்லை.
வீட்டில் சொல்லவுமில்லை.

வாள் ரெஜிபோம்,
அதன்மேல் தேயிலைப் பெட்டியின் வெள்ளித் தாள்.
இடிக்குக் கழற்றிய கூரைத் தகரம்,
ஆட்டுவதற்கு இரண்டு பொடியன்கள்.
ரத்தம் என் வாயில் இருந்த வெற்றிலை.
முன்னே கொழுந்து மூட்டை இறங்கிய
பழைய கம்பியில்
அமலதாஸ் தொங்கித் தொங்கிப் பறந்தான்.
அவன் இறங்குமுன் கால்சட்டை இறங்கியது.
அதையும் வைத்துக்கொண்டான் புவிராஜ்.

என் மேலங்கிதான் படத்திலேயே நிஜம்.
தவமலர் கொழுந்துக்குக் கட்டும் படங்கு.
கறுத்து, மழை குடித்து,
கொழுந்துக் கறையில் விறைத்தது.
காற்றில் அது எழும்பினால்
எனக்கே கொஞ்சம் பயம்.
"திங்கக்கெழம பெரட்டுக்கு முந்தி வேணும்,
கிழிச்சிட்டு வந்து நிக்காத."

இருபத்தேழு முறை செத்தேன்.
கவ்வாத்து மிலாறு முதுகில் குத்த,
அட்டை காலில் ஏற.
"இன்னும் கெட்டவனா சாவு" என்றான் புவிராஜ்.
அது எப்படியென்று யாரைக் கேட்க?
எனக்குத் தெரிந்த கெட்டவர்கள்
ஒருவரும் சாகவில்லை.
மாற்றம் கிடைத்துப் போனார்கள்.

இருபத்தெட்டாவதில்
ஒளிவீரன் எறிந்த அக்கினிப் பந்து
(டெனிஸ் பந்து, சிவப்புத் தாள் சுற்றியது)
என்னைத் தவறி
சவுக்கு மரத்துக் குளவிக்கூட்டில் பட்டது.

முதலில் ஓடியது ஒளி.
ஒற்றைச் சப்பாத்து கானில் கிடந்தது.
தகரம் ஆட்டிய பொடியன்கள் மட்டும்
தகரத்தைக் கீழே போடத் தோன்றாமல்
அப்படியே நின்றார்கள்.
நான் நல்லது கெட்டது யோசிக்கவில்லை.
படங்கு பெரிது, அவ்வளவுதான்.
இரண்டு பேரையும் அமுக்கி, மூடி,
மேலே குப்புறப் படுத்தேன்.
கழுத்தில் பதினொன்று, காதில் நாலு,
மற்றதை டிஸ்பென்சரியில் எண்ணவில்லை.

கல்லில் சாய்த்த போன்
எல்லாவற்றையும் பிடித்திருந்தது.

மறுநாள் என் முகத்தைக் கண்டு
கையெடுத்துக் கும்பிட்டான் புவிராஜ்.
"வீக்கம் வத்துறதுக்குள்ள வா,
இந்த மூஞ்சிக்குக் கொழும்புல
லட்சம் கேப்பான்."
கடைசிச் சண்டையை அதோடு முடித்தோம்.
கண் திறக்கவில்லை,
அதனால் அடி நிஜமாகவே பட்டது.

கோயில் மண்டபத்தில் வேட்டி கட்டிப்
போட்டுக் காட்டிய இரவு,
குளவி வந்த இடத்தை வெட்டியிருந்தான்.
"கத கொழம்பிரும்டா,
சனம் யாருக்குக் கைதட்டும்?"
நியாயம்தான்.

கம்பியில் ஒளி வந்தது. தகரம் இடித்தது.
தோட்டமே எழுந்து நின்று
என்னைக் கொல்லச் சொன்னது.
முன்வரிசையில் அந்தப் பொடியன்கள் இருவரும்
தொண்டை கிழிய,
எல்லாரையும்விடச் சத்தமாக.
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது,
நன்றாகத்தான் நடித்திருக்கிறேன்.

விழுந்து கிடந்த இருள்வேந்தன் மேல்
ஒற்றைக் காலை ஊன்றி
வாளை உயர்த்தினான் அமலதாஸ்.
பக்கத்தில் தவமலர் பல்லைக் கடித்தாள்:
"படங்க மிதிக்கிறான் பாரு,
சப்பாத்தோட."